மகிழ்மதியில் நமக்கென்ன வேலை?

பூந்தமல்லிக்கு அருகே ஏறத்தாழ 500 கோடி ரூபாய்ச் செலவில் நவீனத் திரைப்பட நகரம் ஒன்று எழும் என்று 2024 ஆம் ஆண்டில் தமிழ்நாடு அரசு அறிவித்தது. திரையுலகம் மகிழ்ந்தது, வியப்பில்லை. படப்பிடிப்புக்காக அயல் மாநிலம் ஓடும் நிலை மாறட்டும், தொழிலாளர் பிழைப்பு சொந்த மண்ணிலேயே நடக்கட்டும் என்று நாமும் அதனை வரவேற்கிறோம். ஆனால், திரைப்பட நகரம் என்று பெயர் சூட்டப்பெற்ற இடத்துக்குப் படக்கருவியைத் தூக்கிக்கொண்டு வருவோர் மட்டுமா வருவர்? பொதுமக்களும் வருவர். ஐதராபாத்துக்கு அருகே வந்தார்கள்; நம் தரமணியிலும் வந்தார்கள். வருகிறவர்களுக்கு எதைக் காட்டுவது என்ற கேள்வி எழும். எழுந்த மாத்திரத்தில், "பெரும் வசூல் கண்ட படம் எது? அதன் அரண்மனையை அப்படியே கட்டி நிறுத்துவோம், வாயிலிலே சீட்டுக் கொடுப்போம்" என்று எவரேனும் ஒருவர் யோசனை கூறுவார். அவர் கூறுமுன்பே அந்த யோசனையைச் சற்று உரசிப் பார்த்துவிடுவது நலம் என்று நமக்குத் தோன்றுகிறது. பொதுமக்களின் பணமும், பொதுமக்களின் ஞாயிற்றுக்கிழமையும் அதில் அடங்கியிருக்கின்றன.

வசூல், படத்தின் வெற்றியை அளக்கும் கோல். அந்தப் படம், மக்கள் காலால் நடந்து திரியும் ஒரு நாடாக மாறத் தக்கதா என்பதை அந்தக் கோலால் அளக்க முடியாது. அதற்கு வேறு கோல் வேண்டும். அது அமெரிக்காவிலே, டிஸ்னியின் அலுவலகத்திலே கிடைக்கும் என்பர் அறிந்தோர். கிடைக்கட்டும். அதற்கு முன், திரைப்பட நகரம் எழவிருக்கும் அதே திருவள்ளூர் மாவட்டத்தில், ஜனப்பன்சத்திரத்திலிருந்து ஊத்துக்கோட்டை நோக்கிச் செல்லும் சாலையில், பெரியபாளையம் என்றோர் ஊர் இருக்கிறது. நாம் முதலில் அங்கே போவோம்.

ஆடி பிறந்துவிட்டால் அந்த ஊரின் தோற்றமே மாறிவிடுகிறது. சனிக்கிழமை மாலை தொடங்கிச் சாரை சாரையாக வண்டிகள். கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் வாரமெல்லாம் இரும்போடு மல்லாடியவர் வருகிறார். வடசென்னைச் சந்துகளிலிருந்து குடும்பம் குடும்பமாக வருகிறார்கள். ஆந்திர எல்லைக்கு அப்பாலிருந்தும் வருகிறார்கள். ஆரணியாற்றங்கரையில் இரவு தங்கி, மூன்று கல்லைக் கூட்டிப் பானையேற்றிப் பொங்கல் வைக்கிறார்கள். வேப்பங்கொத்துகளைச் சேர்த்துக் கட்டி, அதையே ஆடையாக அணிந்துகொண்டு பவானி அம்மன் கோயிலை வலம் வருகிறார்கள். வேப்பஞ்சேலை என்பது அதற்குப் பெயர்.

கம்சன் கையிலிருந்து நழுவி வானிலே எழும்பிய பெண் குழந்தைதான் இங்கே வந்து அமர்ந்தாள் என்று தலக்கதை சொல்லுகிறது. அருள் உண்டா இல்லையா என்ற வழக்கை இக்கட்டுரையிலே நாம் எடுக்கப்போவதில்லை. அதற்கு வேறு பக்கங்கள் உண்டு. நாம் கவனிப்பது ஒன்றே ஒன்று. அங்கே திரண்டிருக்கும் அத்தனை பேரில் வேடிக்கை பார்க்க வந்தவன் ஒருவனும் இல்லை! ஒருத்தி பானைக்கு விறகு தள்ளுகிறாள். ஒருவன் தலைமுடி இறக்கக் குந்தியிருக்கிறான். பிள்ளைக்குக்கூட ஒரு வேப்பங்கொத்து உண்டு. கம்சன் யார், தேவகி யார் என்று கேட்டால் பாதிப் பேருக்குச் சரியாகச் சொல்ல வராது. சொல்ல வராததால் குறையொன்றும் நேர்வதில்லை. கதை அவர்கள் வாயில் இல்லை. கையிலும் மேனியிலும் இருக்கிறது.

வடதமிழ்நாட்டு ஊர்களில் நடக்கும் திரௌபதி அம்மன் விழாவிலும் இதையே காண்கிறோம், இன்னும் விரிவாக. பகலில் பாரதம் படிக்கிறார்கள். இரவில் தெருக்கூத்து ஆடுகிறார்கள். அருச்சுனன் தவம் என்றால் உயர்ந்த மரமொன்று நாட்டப்படுகிறது. வேடமிட்டவர் அதன் உச்சிக்கு ஏறி எலுமிச்சம்பழத்தையும் பூவையும் வீச, கீழே பெண்கள் மடியேந்தி நிற்கிறார்கள். இறுதியில் படுகளம். துரியோதனனுடைய மாபெரும் மண்ணுருவம் தரையிலே மல்லாந்து கிடக்கிறது. வீமனும் அவனும் அதைச் சுற்றிச் சுற்றி ஓடுகிறார்கள். தொடை பிளக்கப்படுகிறது, செந்நீர் தெறிக்கிறது, பாஞ்சாலியின் கூந்தல் முடிக்கப்படுகிறது. அன்று அந்த ஊர்ப் பொட்டல், பொட்டலன்று, குருச்சேத்திரம்! ஓர் இதிகாசம் முழுவதையும் ஊருக்குள்ளே நிலமாக விரித்துப் போட்ட இந்த வேலையை, படித்த பொறியாளரும் செய்யவில்லை, பணம் படைத்த நிறுவனமும் செய்யவில்லை. கூத்தரும் குயவரும் ஊராரும் செய்தார்கள். உலகெங்கும் கேளிக்கைப் பூங்கா அமைப்போர் கோடிகளைக் கொட்டித் தேடுவது இதைத்தான்.

இதற்கு ஓர் இலக்கணம் சொல்ல வேண்டுமானால், அதுவும் நம்மிடமே இருக்கிறது. தொல்காப்பியர் நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என்றார். அந்த நிலத்து உணவு, மரம், விலங்கு, பறவை, பறை, தொழில் ஆகியவற்றையெல்லாம் கருப்பொருள் என்றார். அங்கே மனிதர்க்குள் நிகழும் உணர்வை உரிப்பொருள் என்றார். முல்லை நிலம் என்று ஒரு பலகை எழுதி நட்டால் முல்லை ஆகிவிடாது. ஆநிரை மேய வேண்டும், பால் கறக்க வேண்டும், மாலைப் பொழுதிலே ஒருத்தி காத்திருக்க வேண்டும். அதோடு இன்னொன்றும் நம் முன்னோர் விதித்தனர்: அகப்பாட்டில் தலைவனையோ தலைவியையோ பெயர் சுட்டக்கூடாது. சுட்டினால் அது புறமாகிவிடும். நெடுநல்வாடையிலே எவர் பெயரும் இல்லை. ஆயினும் வேலிலே வேம்பு சூட்டிய குறிப்பு வந்துவிட்டது, வேம்பு பாண்டியனது அடையாளம், ஆகவே இது புறமே என்று நச்சினார்க்கினியர் வழக்காடினார். ஒரு வேப்பிலை, ஒரு பாட்டையே திணை மாற்றிவிட்டது! இவ்வளவு கண்டிப்பு எதற்கு? பெயரில்லாத தலைவியின் இடத்திலே படிப்பவள் எவளும் போய் நிற்கலாம். பெயருள்ள அரசனை எதிரே நின்று பாடத்தான் முடியும்.

இந்த அகம், புறம் என்ற பிரிவை எடுத்துக்கொண்டு கடல் கடந்து போவோம்.

அமெரிக்காவின் ஆர்லாண்டோ நகரில் 2010 ஆம் ஆண்டு சூன் 18 ஆம் நாள் ஹாரி பாட்டர் கதையுலகம் ஒன்று பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. ஹாரி பாட்டர் என்பது பெயருள்ள தலைவனின் கதைதானே, புறம்தானே என்று கேட்கலாம். பெயர் அவனுடையது; ஆனால் கதையின் உயிர் அவன் படித்த பள்ளிக்கூடத்தில் இருக்கிறது. பள்ளிக்கூடம் என்றால் எவரும் சேரலாம். அங்கே கதையில் வரும் ஒரு பானத்தை ஊற்றிக் கொடுக்கிறார்கள். மந்திரக்கோல் கடையிலே கூட்டத்தில் யாரோ ஒரு சிறுவனைத் தெரிந்தெடுத்து, கோல் உன்னைத் தேர்ந்துகொண்டது என்கிறார்கள். 2014 ஆம் ஆண்டு கடைத்தெரு ஒன்றையும் கட்டி, இரண்டு பகுதிகளையும் ஒரு புகைவண்டியால் இணைத்தார்கள். வாங்கிய கோலைக் கடைச் சன்னலுக்கு முன்னே சுழற்றினால் உள்ளே பொம்மை அசைகிறது. உணவும் தொழிலும் ஊர்தியும் ஆந்தையுமாகக் கருப்பொருள் அத்தனையும் கைக்கு எட்டும் தொலைவில்! ஹாரி பாட்டரை அங்கே எவரும் தேடுவதில்லை. தேட நேரமில்லை, ஒவ்வொருவருக்கும் அங்கே அலுவல் இருக்கிறது.

இதனினும் வலிய சான்று அவதார். 2009 ஆம் ஆண்டு வெளிவந்த அந்தப் படத்தை உலகமே பார்த்தது. பார்த்தவர்களிடம் கதைத்தலைவன் பெயரைக் கேளுங்கள், பலர் விழிப்பர். படம் மனத்தில் தங்கவில்லை என்பதற்கு இதையே சான்றாகக் காட்டி நகைத்த திறனாய்வாளரும் உண்டு. ஆனால் 2017 ஆம் ஆண்டு மே 27 ஆம் நாள் அதே ஆர்லாண்டோ அருகில் அந்தப் படத்தின் பண்டோரா நிலம் திறக்கப்பட்டபோது கூட்டம் அலைமோதியது. மிதக்கும் மலை, இரவில் ஒளிரும் செடி, பறவை போன்றதொரு விலங்கின் முதுகிலேறிப் பறக்கும் காட்சி. தலைவன் பெயரை மறந்தவர்களும் நிலத்தை மறக்கவில்லை. திறனாய்வாளர் குறை என்று கண்டது, நிலமாக்குவோர்க்கு நிறையாக முடிந்தது.

இன்னும் பின்னே போனால், 1955 ஆம் ஆண்டு டிஸ்னிலாந்து திறந்தபோது அங்கே நின்ற உறங்கும் அழகியின் கோட்டைக்குரிய படம் 1959 இல்தான் வெளிவந்தது. அதே பூங்காவில் 1967 இல் தொடங்கிய கரீபியக் கடற்கொள்ளையர் படகுப் பயணத்துக்கோ, படம் 2003 இல்தான் பிறந்தது! முப்பத்தாறு ஆண்டுகள் பெயரில்லாக் கொள்ளையரைப் பார்க்க மக்கள் படகேறினார்கள். படத்தின் தலைவன் உருவத்தை 2006 இல்தான் அங்கே கொண்டு வைத்தார்கள். தலைவன் இல்லாமலே நிலம் வாழும் என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்?

இப்போது நம் பக்கம் திரும்பலாம். 1996 இல் ராமோஜி ராவ் உருவாக்கிய திரைப்பட நகரம் ஐதராபாத்துக்கு வெளியே இருக்கிறது. உலகின் மிகப் பெரிய படப்பிடிப்பு வளாகம் என்று கின்னசு ஏட்டிலே இடம் பெற்றது அது. 2015 இலும் 2017 இலும் வெளிவந்த பாகுபலிப் படங்களுக்காக அங்கே எழுப்பிய மகிழ்மதி நாட்டின் அமைப்புகள், படம் முடிந்தபின் சுற்றுலாப் பயணிகளுக்குக் காட்சியாக்கப்பட்டன. கலை இயக்குநர் சாபு சிரிலின் கைவண்ணத்தைக் குறைத்துப் பேச நமக்கு நா எழாது. தூண் பெரிது, சிலை பெரிது, முற்றம் பெரிது. அண்ணாந்து பார்க்கிறோம். படம் எடுத்துக்கொள்கிறோம். பிறகு? பிறகு ஒன்றுமில்லை, அடுத்த வண்டி வந்துவிடுகிறது.

ஏன் இப்படி? மகிழ்மதியிலே முதற்பொருள் இருக்கிறது, கருப்பொருள் இல்லை. அந்த நாட்டுக் குடிமகன் காலையில் என்ன உண்டான்? என்ன பயிரிட்டான்? எந்தத் தெருவில் குடியிருந்தான்? படத்தில் நமக்கு நினைவிலே நிற்கும்படியான விடை இல்லை. குடிமக்கள் அங்கே ஆயிரக்கணக்கில் வருகிறார்கள். அவர்களுக்குக் கிடைத்த பணி, பாகுபலி என்று பெயர் சொல்லி முழங்குவது. கட்டப்பா ஏன் கொன்றான் என்ற கேள்வியை இந்நாடே ஈராண்டுக் காலம் கேட்டுக்கொண்டிருந்தது உண்மை. கேட்டோம், வாழ்த்தினோம், அரண்மனைக்கு வெளியே நின்றோம். அந்த நாட்டுக்குள் கட்டணம் கட்டிப் போகிறவனுக்கும் அதே வேலையைத்தானே கொடுக்க முடியும்?

ஆனால் அந்தப் படத்திலேயே ஒரு காட்சி உண்டு. பல்வாள்தேவனுடைய பொன்னிறச் சிலையை நிறுத்த, அடிமைப்பட்ட மக்கள் நூற்றுக்கணக்கில் கயிறு பிடித்து இழுக்கிறார்கள். சிலை சாய்கிறது, கயிறு கையை அறுக்கிறது, நசுங்கிச் சாகப்போகிறோம் என்ற அச்சம். பெயரில்லாதவர்கள் உழைப்பால் கதையைத் தாங்கிப் பிடித்திருக்கும் நொடி அது. அந்தக் கயிற்றைச் சுற்றுலா வருவோர் கையிலே கொடுத்திருந்தால்? இருநூறு பேர் சேர்ந்து இழுத்தாலன்றிச் சிலை நிமிராது என்று பொறி ஒன்று அமைத்திருந்தால்? முன்பின் அறியாதவர்கள் ஒருவரையொருவர் கூவி அழைத்து, வியர்த்து, சிரித்து, இழுத்துவிட்டுப் போயிருப்பார்கள். யாருடைய சிலையை எதற்காக இழுத்தோம் என்று வீடு திரும்பும் வழியில் சிலராவது எண்ணியும் இருப்பார்கள். சிலையை வைத்தார்கள், கயிற்றை எடுத்துவிட்டார்கள்.

துபாயில் 2016 இல் இந்திப் படங்களுக்கென்றே ஒரு பூங்கா திறந்தார்கள். ஷோலே, லகான், டான், தபங் என்று பெரிய பெரிய பெயர்கள். 2023 இல் அதனை மூடிவிட்டார்கள். வெயில், பெருந்தொற்று, கணக்கு வழக்கு என்று காரணங்கள் பலவாக இருக்கும். எல்லாவற்றையும் ஒரே முளையில் நாம் கட்டப் பார்க்கவில்லை. ஆனால் தபங் என்ற படத்திலிருந்து அதன் நாயகனைக் கழித்துவிட்டால் எந்த ஊர் மிஞ்சும்? மாறாக ஷோலேயின் ராம்கர் ஒரு முழுமையான சிற்றூர். நீர்த்தொட்டி உண்டு, குதிரை வண்டிக்காரி உண்டு, கொள்ளையருக்கு அஞ்சித் தானியம் அளக்கும் உழவர் உண்டு. அந்த ஊரின் காப்பாளராக வருகிறவர்களை நிறுத்தியிருக்கலாம். அங்கேயோ துப்பாக்கியைக் கொடுத்துத் திரையிலே கப்பர் சிங்கைச் சுடச் சொன்னார்கள். சுடுவதற்கு ராம்கர் எதற்கு? எந்தத் திருவிழாவிலும் பலூன் சுடலாம்.

இனித் தமிழ்ப் படத்துக்கு வருவோம். நம் படங்கள் பெரும்பாலும் புறப்பாட்டுகள். நாயகன் நுழைகிறான், நாம் எழுந்து நிற்கிறோம். நாயகனுக்கு நிலம் தேவையில்லை. எந்த ஊரிலும் அவன் அவனே. ஆகவே அவனுக்குச் சிலை வைக்கலாம், நாடு அமைக்க முடியாது. ஆயினும் விதிவிலக்குகள் உண்டு. சுந்தர் சி.யின் அரண்மனைப் படங்கள் 2014 தொடங்கி நான்கு வந்துவிட்டன. கலைச்சிறப்புக்காக அவற்றை எவரும் கொண்டாடுவதில்லை, நாமும் கொண்டாடவில்லை. ஆனால் ஆளின் பெயரை விட்டு இடத்தின் பெயரைத் தலைப்பாகக் கொண்டதால், அந்த வரிசைக்குள் எவரும் புகலாம். புகுந்தவரைப் பேய் பார்த்துக்கொள்ளும்.

லோகேஷ் கனகராஜின் படவரிசையை எடுத்துக்கொண்டால், கைதி, விக்ரம், லியோ என்று மூன்று நாயகர்களை நிறுத்தி மூன்று சிலைகள் வைக்கத் தோன்றும். நம்மைக் கேட்டால், 2019 இல் வந்த கைதியிலே வரும் திருச்சி காவல் ஆணையர் அலுவலகம் ஒன்று போதும் என்போம். அன்றுதான் பணிக்கு வந்து சேர்ந்த ஒரு காவலர். அவரோடு அகப்பட்டுக்கொண்ட கல்லூரி மாணவர்கள் சிலர். வெளியே கொலைகாரக் கூட்டம். விடியும்வரை கதவைக் காக்க வேண்டும். மேசையை இழுத்துக் கதவுக்கு முட்டுக் கொடுக்கும் அந்த மாணவர் கூட்டத்தில் நாமும் ஒருவராகச் சேர எந்தத் தகுதியும் வேண்டாம், அச்சம் இருந்தால் போதும். நாயகன் ஓட்டி வரும் சரக்கு வண்டி வரட்டும், வராமல் போகட்டும்; அந்தக் கதவுக்கு இந்தப் பக்கம் நின்றவன் அந்த இரவை மறக்க மாட்டான். கருப்பொருளுக்கும் குறைவில்லை; வாளியிலே பிரியாணி இருக்கிறது!

பொன்னியின் செல்வனைப் பற்றியும் கேட்பார்கள். 1950 முதல் 1954 வரை கல்கி எழுதிய அந்தக் கதையை 2022 இலும் 2023 இலும் மணிரத்னம் இரு பகுதிகளாகப் படமாக்கினார். அரச குலப் பெருமையே அதன் மூச்சு என்பதில் நமக்கு உள்ள மனக்குறை பழையது. என்றாலும் கட்டுரையின் அளவுகோலை நேர்மையாக வைத்தால், நாவல் தேறுகிறது என்று ஒப்புக்கொண்டே ஆக வேண்டும். ஆடிப்பெருக்கன்று வீரநாராயண ஏரிக்கரையில் அது தொடங்குகிறது; முதற்பொருளும் பொழுதும் முதல் பக்கத்திலேயே வந்துவிடுகின்றன. படகோட்டும் பெண், பூத்தொடுக்கும் இளைஞன், சோதிடர், சத்திரம், சண்டையிடும் சமயத்தார் என்று பாதைகள் திறந்தே கிடக்கின்றன. வாசகர் பலர் நூலைக் கையில் ஏந்தி வீராணத்துக்கும் கோடிக்கரைக்கும் போய் வந்திருக்கிறார்கள். கட்டணமில்லாப் பூங்கா அது. படமோ அரண்மனைக்குள் விரைந்து நுழைந்துவிடுகிறது. நிலமாக்குவோர் படத்தை விட்டு நாவலின் ஏரிக்கரையில் நிற்க வேண்டும்.

நம் உள்ளம் நாடும் படம் வேறு. 1958 இல் எம்.ஜி.ஆர். முதன்முதலாக இயக்கிய நாடோடி மன்னன். சூழ்ச்சியால் மன்னன் மறைய, அவனைப் போன்ற தோற்றமுடைய நாடோடி ஒருவன் இரத்தினபுரியின் அரியணையில் அமர்ந்து, ஏழைக்கான சட்டங்களை அறிவிக்கிறான். புறப்பாட்டுப் போல் தோன்றும். நாயகனும் பெரிய நாயகன்தான். ஆனால் அந்தக் கதையின் அடித்தளமே, யாரோ ஒருவன் அந்த இருக்கையில் அமரலாம் என்பது. அப்படியானால் வருகிறவர் ஒவ்வொருவரையும் அந்த அரியணையில் ஏற்றி, "ஒரு சட்டம் சொல்" என்று கேட்கலாமே! கும்மிடிப்பூண்டித் தொழிலாளி என்ன சட்டம் சொல்வார், அவர் மகள் என்ன சொல்வாள் என்று எழுதி வைத்துச் சுவரிலே ஒட்டலாமே! மாதம் முடிந்ததும் அந்தச் சுவரைப் படிக்க நாமும் போவோம்.

வேலை கொடுத்தால் மட்டும் போதுமா என்றால், போதாது. விண்மீன் போர்ப் படங்களை வைத்து டிஸ்னி நிறுவனம் புளோரிடாவில் 2022 இல் ஒரு விண்கல விடுதி திறந்தது. இரண்டு இரவு தங்க வேண்டும். தங்குகிறவர் ஒவ்வொருவரும் கதையில் ஒரு பக்கம் சேர்ந்து உளவு பார்க்கலாம், கலகம் செய்யலாம். நாம் கேட்ட எல்லாம் அங்கே இருந்தன. இருவருக்குக் கட்டணம் ஏறத்தாழ 4,800 டாலரில் தொடங்கியது. 2023 செப்டம்பரில் மூடிவிட்டார்கள். கலகக்காரராகும் உரிமை செல்வர்க்கு மட்டும் என்றால் கலகம் எங்கிருந்து வரும்?

தரமணியில் நடந்ததும் நினைவில் இருக்க வேண்டும். 1994 இல் ஜெ.ஜெ. திரைப்பட நகரம் என்று தொடங்கினார்கள். பின்னர் எம்.ஜி.ஆர். திரைப்பட நகரம் என்று பெயர் மாற்றினார்கள். இருமுறையும் ஒரு பெருந்தலைவரின் பெயர். எந்தக் கதையின் பெயரும் இல்லை. பக்கத்திலே 2000 ஆம் ஆண்டில் டைடல் பூங்கா எழுந்தது. இன்று தரமணி என்றால் மென்பொருள் நிறுவனங்கள்தாம் நினைவுக்கு வருகின்றன. பூந்தமல்லித் திட்டத்தை வகுப்போர், வரைபடத்தை விரிக்குமுன் ஆடி மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில் பெரியபாளையத்து ஆற்றங்கரையிலே ஓர் இரவு தங்கிப் பார்க்கட்டும். கோபுரத்தின் உயரத்தை அளக்க வேண்டியதில்லை. பானைக்கும் விறகுக்கும் வேப்பிலைக்கும் ஒரு குடும்பம் எவ்வளவு செலவிட்டது, அதற்கு எத்தனை மணி நேரம் அந்த மணலில் இருந்தது என்று கணக்கெடுத்தால் போதும். நுழைவுச்சீட்டின் விலையை எழுதும்போது அந்தக் கணக்கை மேசைமேல் வைத்துக்கொள்ளலாம்.